கராச்சர்மாவில் ஒரு கம்ப்யூட்டரும் கறுப்பு டேங்கும்

எங்கள் வீட்டுக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். கோடை முற்றிவிட்டால் அதுவும் அதன் இஷ்டம். வருகிற நாளில் டேங்க் நிரம்பியது போக, குடம், வாளி, பிரஷர் குக்கர், காலி ஐஸ்கிரீம் டப்பா என்று வாய் திறந்திருக்கும் எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். போர்ட் பிளேரை ஒட்டிய எங்கள் கராச்சர்மாவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். அப்படிப்பட்ட வீட்டில் ஒருநாள் என் கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, தன்னுடைய கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் வசதி செய்து தரப் போவதாக அறிவித்தார்.

நான் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து வந்து, இரண்டு பக்கெட் தண்ணீரில் குளியல், துணி, பாத்திரம் மூன்றையும் முடித்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் தினமும் குளிக்குமா அல்லது செவ்வாய் வெள்ளி மட்டும்தானா என்று கேட்டேன். கிண்டலைக் கிண்டலாக எடுத்துக்கொள்கிற ஆள் அவர் இல்லை. சோற்றுக் கையோடு பொறுமையாக விளக்கினார். கம்ப்யூட்டருக்குள் அதிகம் சூடாவது பிராசஸர். அதன் தலைமேல் தாமிரத்தில் ஒரு கட்டியை உட்கார வைக்க வேண்டும். அந்தக் கட்டிக்குள் தண்ணீர் ஓடும்போது சூட்டை வாங்கிக்கொள்ளும். டியூப் வழியாக வெளியே போய், ரேடியேட்டரில் ஆறி, மறுபடி உள்ளே வரும். சுற்றிச் சுற்றி அதே தண்ணீர்தான், ஒரு சொட்டுக்கூடச் செலவாகாது என்றார். செலவாகாத தண்ணீரை நான் அதுவரை பார்த்ததில்லை.

அவர் தொழிலைச் சொல்லாவிட்டால் இது வெறும் பைத்தியம் என்று தோன்றும். சுனாமிக்குப் பிறகு தீவில் யாரைப் பார்த்தாலும் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வெறும் பிளானைக் காட்டினால் வாடிக்கையாளர்கள் மயங்குவதில்லை என்று கான்ட்ராக்டர்கள் இவரிடம் வருவார்கள். கட்டாத வீட்டைக் கட்டிய மாதிரி, வெயிலும் நிழலும் புல்தரையுமாகக் கம்ப்யூட்டரில் படம் செய்து கொடுப்பது இவர் வேலை. சைக்கிள் நிறுத்த இடமில்லாத மனையில்கூட இவர் படத்தில் இரண்டு கார் நிற்கும். அந்தப் படம் முழுசாக உருவாகி வர இரவு முழுக்க இயந்திரம் ஓட வேண்டும். எங்கள் வீட்டுக்கோ தகரக் கூரை. ஃபேன் எல்லாம் கத்திக் கத்தி ஓடி, கடைசியில் சூடு தாங்காமல் இயந்திரம் தானாகவே அணைந்துவிடும். பாதி வீடு பாக்கி இருக்கும். காலையில் நான் வந்து கதவைத் திறந்தால், திரை இருண்டு கிடக்கும், இவர் முகமும் அதே மாதிரி இருக்கும்.

ஏசி போடலாமே என்றேன். எங்கள் லைனில் வருகிற வோல்டேஜுக்கு ஏசி ஓடாது என்றார். அது உண்மைதான். ஆனால் ஏசி போட்டால் அந்த அறையில் நானும் போய்ப் படுத்துவிடுவேன் என்கிற பயமும் இருந்திருக்கும் என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் கணவருக்குத் தண்ணீர் என்றால் பயம். குடத்துத் தண்ணீர் இல்லை, கடல். சுனாமி வந்த அன்று அவர் தெற்குக் கோடித் தீவில் இருக்கும் கேம்பல் பேயில் இருந்தார், அப்போது அவருக்கு எலக்ட்ரிக் வேலை, ஏதோ குவார்ட்டர்ஸுக்கு வயரிங் செய்யப் போயிருந்தார். அதன் பிறகுதான் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. அன்றைக்கு என்ன நடந்தது என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதெல்லாம் "தண்ணி வந்துச்சு, ஓடினோம்" என்கிற மூன்று சொற்கள்தான். உடன் வேலை பார்த்தவர்களில் எத்தனை பேர் ஓடினார்கள், எத்தனை பேர் ஓடவில்லை என்று நான் கேட்டதில்லை. நிவாரணக் கப்பலில் போர்ட் பிளேர் வந்து இறங்கியவர் அதற்குப் பிறகு கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிப் பக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊரே வண்டூருக்குப் போய்க் கடலில் கால் நனைத்துவிட்டு வரும். நாங்கள் பஸ் ஏறிக் கடைத்தெருவுக்குப் போய் சமோசா தின்றுவிட்டு வருவோம். தீவில் பிறந்து வளர்ந்த ஒருவர் கடலைப் பார்க்காமல் வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். எந்தத் தெருவில் திரும்பினாலும் கடைசியில் அதுதான் நிற்கும். எந்த இடத்தில் திரும்பக் கூடாது என்று அவருக்கு அத்துப்படி.

அப்படிப்பட்டவர்தான் கம்ப்யூட்டருக்குள் தண்ணீரை விடுவதற்குத் திட்டம் போட்டார்.

திட்டம் என்றால் சாதாரணத் திட்டம் இல்லை. எங்கள் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் திறப்பதற்குள் நான் இட்லி ஊற்றி, எடுத்து, தின்றும் முடித்துவிடலாம். வெளிநாட்டில் எவனோ தன் கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் போட்ட படம் மேலிருந்து கீழாகக் கீற்றுக் கீற்றாக இறங்கும். பம்ப் தெரிகிற நேரத்துக்குச் சரியாகக் கரண்ட் போகும். வீடியோ பார்ப்பது நடக்கிற காரியமே இல்லை. மெயின்லேண்டிலிருந்து யார் வந்தாலும் பென் டிரைவில் வீடியோ ஏற்றி வரச் சொல்வார். தங்கச்சி கல்யாணத்துக்குப் போனவர்கள்கூட மணமேடையிலிருந்து இறங்கி இவருக்காக டவுன்லோடு போட்டார்கள்.

முழு செட்டாக ஆர்டர் செய்துவிடலாம் என்பது முதல் திட்டம். இந்தப் பின்கோடுக்கு அனுப்ப இயலாது என்று பதில் வந்தது. அந்தப் பதிலைத் தீவுக்காரர்கள் மனப்பாடமாகவே சொல்வார்கள், இவரும் அசரவில்லை. செட் போனால் போகட்டும், தனித்தனியாகச் சேர்க்கலாம் என்று இரண்டாவது திட்டம் வந்தது. தாமிரக் கட்டியை மட்டும் சென்னையிலிருந்து வந்த சிநேகிதர் ஒருவர் கொண்டுவந்தார். அவர் பையில் மல்லிகைப்பூ, கறிவேப்பிலை, மாவடு, தாமிரக் கட்டி என்று வரிசையாக இருந்ததைப் பார்த்த விமான நிலையக் காவலர், இதில் எதைச் சந்தேகப்படுவது என்று தெரியாமல் விட்டுவிட்டாராம். ரேடியேட்டர், வொர்க்‌ஷாப்பில் கிடந்த ஒரு பழைய வேனிலிருந்து வந்தது. பம்ப், மீன்தொட்டியிலிருந்து. டியூபுக்குத்தான் என்னிடம் வந்தார். டிரிப் ஏற்றுகிற டியூப் நான்கைந்து கிடைக்குமா என்று கேட்டார். அடுத்து உங்கள் கம்ப்யூட்டருக்கு ஒரு பெட்டும் கேஸ் ஷீட்டும் கேட்பீர்களா என்றேன். அத்தோடு விட்டுவிட்டு ஹார்டுவேர் கடைக்குப் போனார்.

வேன் ரேடியேட்டரைக் கழுவி வைத்திருந்த அந்த வாரத்தில்தான் எனக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தது. கேம்பல் பே.

எங்கள் வேலையில் இது எல்லோருக்கும் ஒருமுறை வரும். தூரத் தீவுகளுக்கு யாராவது போய்த்தான் ஆக வேண்டும். குழந்தை இருப்பவர்கள் குழந்தையைக் காட்டுவார்கள், முதுகு வலி இருப்பவர்கள் எக்ஸ்ரேயைக் காட்டுவார்கள். எனக்குக் காட்ட ஒன்றும் இல்லை. மெயின்லேண்டில் என் அம்மாவுக்கு ஃபோனில் சொன்னபோது, சுனாமி வந்த ஊரா என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தார். சுனாமி எங்கள் ஊருக்கும்தான் வந்தது என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது அவர் தரையில் உட்கார்ந்து டியூபின் அகலத்தை அளந்துகொண்டிருந்தார். ஆர்டர் வந்திருக்கிறது, கேம்பல் பே என்றேன். "அச்சா" என்றார். அளவு டேப்பை மடக்கவில்லை. எப்போது கிளம்பணும் என்று கேட்டார். அதில் ஒரு 'நாம' சேர்ந்து வருமா என்று பார்த்தேன். வரவில்லை.

நீங்களும் வாங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத்தான் நினைத்தேன். கேம்பல் பேக்குக் கப்பலில் இரண்டு மூன்று நாள் ஆகும். ஜெட்டியையே பார்க்காத மனிதரைக் கப்பலில் ஏறு, அதுவும் எந்த ஊரிலிருந்து ஓடி வந்தாயோ அந்த ஊருக்கே போ என்று எந்த வாயால் கேட்பது? கேட்டால் முடியாது என்பார். கேட்காமலிருந்தால் முடியாது என்று சொல்ல மாட்டார். கேட்காமலிருப்பதில் இந்த ஒரு லாபம் இருந்தது. ஆனால் அவராகச் சொல்வார், சொல்வார் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். அவர் மூன்றாவது திட்டத்தைச் சொன்னார்.

ரேடியேட்டரே வேண்டாமாம். வீட்டுக்கு வெளியே உயரமான சிமென்ட் மேடையின் மேல் எங்கள் கறுப்பு பிளாஸ்டிக் டேங்க் இருந்தது. அத்தனை தண்ணீர் ஒரே இடத்தில் இருக்கும்போது ரேடியேட்டர் எதற்கு? டேங்கிலிருந்து ஒரு பைப் கீழே இறங்கி, சுவரைத் துளைத்து அறைக்குள் வந்து, தாமிரக் கட்டியில் புகுந்து, பம்ப் வழியாக மறுபடி மேலே டேங்குக்கே போய்விடும். அவ்வளவு தண்ணீரைச் சூடாக்க ஒரு பிராசஸரால் ஆகுமா? கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். டேங்கில் தண்ணீர் கால்வாசிக்குக் கீழே இறங்கக் கூடாது, இறங்கினால் பம்ப் காற்றை இழுத்துவிடும். அதாவது, குளிப்பதா கம்ப்யூட்டரா என்று வருகிற நாளில் யார் விட்டுக்கொடுப்பது என்பது முதலிலேயே முடிவாகிவிட்டது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா வந்து "தீதி, ஏக் பால்டி பானி?" என்று ஒரு வாளி கேட்டதற்கு, இவர் டேங்கின் மேல் ஏறி மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார். அந்த அக்கா அதன் பிறகு எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்கவில்லை, சர்க்கரை மட்டும் கேட்டார்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சுவர் அப்படி இல்லை. ஒருநாள் டியூட்டியிலிருந்து வந்தபோது டிரில்லிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் இரண்டு ஓட்டை. ஒன்று தண்ணீர் வர, ஒன்று போக. சிமென்ட் தூசி என் யூனிஃபார்ம் மேலெல்லாம் பறந்தது. வீட்டோடு சேர்த்துப் பைப் போட்டுக் கட்டிய கம்ப்யூட்டரை யாரும் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். இந்த மனிதர் இங்கேயே இருக்கப் போகிறார், அதை வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல் சுவரில் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. தூசியைப் பெருக்கினேன்.

டெஸ்ட் செய்கிற நாள் எனக்கு லீவு. முதலில் கம்ப்யூட்டரைப் போடாமல் தண்ணீரை மட்டும் ஓட விட்டார். ஒவ்வொரு ஜாயின்டின் கீழும் டிஷ்யூ பேப்பர் வைத்து, ஈரம் படுகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார். ஒரு துளி கசியவில்லை. அதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும், ஆபரேஷன் தியேட்டரில் அவ்வளவு கவனமான ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. கட்டியைப் பிராசஸர் மேல் பொருத்தி, திருகி, எல்லாம் முடித்து ஸ்விட்சைப் போடும்போது மத்தியானம் ஆகிவிட்டது. மே மாதம். வெளியே காக்காய்கூட நிழலில் உட்கார்ந்திருந்தது.

திரையில் சூட்டைக் காட்டுகிற எண் ஓடியது. வேலை எதுவும் கொடுப்பதற்கு முன்னாலேயே, முன்பெல்லாம் வேலை கொடுத்த பிறகு இருந்த சூடு இருந்தது. படம் செய்யச் சொல்லி ஒரு தட்டுத் தட்டினார். பழைய ஃபேனில் பாதி ராத்திரி வரையாவது ஓடிய இயந்திரம், புல்தரை வருவதற்குள் அணைந்துவிட்டது.

அவர் பம்பைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், கட்டியைத் தொட்டுப் பார்த்தார். கடைசியாக டியூபைத் தொட்டு, கையை உதறிக்கொண்டார். கராச்சர்மாவில் உச்சிவெயில் நேரத்தில் யாரும் டேங்க் குழாயைத் திறப்பதில்லை. கறுப்பு டேங்க், நேர் வெயில். அந்தத் தண்ணீரில் கையை வைத்தால் கை சிவந்துவிடும். இவர் எப்போதும் விடிவதற்கு முன் குளித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவர். மத்தியானத் தண்ணீரைப் பற்றி அவருக்கு யாரும் வெளிநாட்டிலிருந்து எழுதவில்லை. டேங்கின் சூட்டை அளக்க என்னுடைய தெர்மாமீட்டரைக் கேட்டார். கொடுத்தேன். அது போகிற உயரம் வரைக்கும் போய் நின்றுவிட்டது. வார்டில் யாருக்காவது இந்த அளவு வந்தால் நாங்கள் டாக்டரைக்கூடக் கூப்பிட மாட்டோம், வீட்டாரைத்தான் கூப்பிடுவோம் என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். ஆர்டர் வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்திருப்பேன்.

அவர் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டே, "ராத்திரில டேங்க் ஆறிடும். நைட்ல மட்டும் ஓட்டுனா சல் ஜாயேகா, ஓடிடும்" என்றார்.

ராத்திரிக்கும் திட்டம் வைத்திருந்தார். நான் போன பிறகு வருகிற ராத்திரிகளுக்கும். என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"நீங்க வரலேன்னா வராதீங்க" என்றேன். "நான் வாங்கன்னு கேக்கவும் இல்ல, கேக்கப் போறதும் இல்ல. ஆனா வராததுக்குக் கம்ப்யூட்டரச் சாக்கு வைக்காதீங்க. பயமா இருக்குன்னு சொல்லுங்க. நான் நர்ஸு. பயத்த நான் பாக்காததா?"

அவர் பம்பை மட்டும் நிறுத்தினார். வீட்டில் அவ்வளவு நேரம் அது ஓடிக்கொண்டிருந்த சத்தம் அப்போதுதான் எனக்குக் கேட்டது. நான் போய் ட்ரங்க் பெட்டியை இறக்கி, துணிகளை அடுக்க ஆரம்பித்தேன். கோபத்தில் கம்பளியைக்கூட எடுத்து வைத்தேன். கேம்பல் பேயில் கம்பளி எதற்கு?

அடுத்து வந்த நாட்களில் எங்கள் பேச்சு உப்பு, கரண்ட் பில், கேஸ் சிலிண்டர் இவற்றைத் தாண்டவில்லை. அவர் பைப்பைக் கழற்றினார். தாமிரக் கட்டியைப் பேப்பரில் சுற்றி வைத்தார். ரேடியேட்டர் வொர்க்‌ஷாப்புக்கே திரும்பிப் போனது. சுவர் ஓட்டைகளைச் சிமென்ட் வைத்து அடைத்து, மேலே சுண்ணாம்பும் அடித்தார். சரி, திட்டம் தோற்றுவிட்டது, மனுஷன் மனம் உடைந்து எல்லாவற்றையும் மூட்டை கட்டுகிறார் என்று நினைத்தேன். எனக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. கம்ப்யூட்டரின் பக்கத்துத் தகட்டைக் கழற்றிவிட்டு, எங்கள் வீட்டு டேபிள் ஃபேனை அதன் முகத்துக்கு நேராக வைத்தார். அதுதான் அவருடைய நான்காவது திட்டம். இயந்திரம் விடிய விடிய அணையாமல் ஓடியது. அதைப் பற்றிச் சொல்ல என் வாயில் நிறைய இருந்தது, பேச்சுத்தான் இல்லை.

கப்பல் டிக்கெட் எடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"கேம்பல் பேல வோல்டேஜ் எப்டி?" என்று கேட்டார்.

போய்ப் பார்த்துவிட்டு லெட்டர் போடுகிறேன் என்றேன்.

"தண்ணி? குழாய்ல டெய்லி வருமா?"

அங்கே மழைக்கு என்ன குறைச்சல், தண்ணீருக்கு அந்த ஊரில் பஞ்சமே கிடையாது என்று வழக்கமான வேகத்தில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யாரிடம் எந்த ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன் என்று உறைத்தது. களைந்த தண்ணீரைக் கொட்டாமல் அப்படியே நின்றேன்.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"டிக்கெட் ரெண்டு எடு" என்றார். "கண்ணாடி இருக்கிற பக்கம் வேணாம். பங்க்ல படுத்தா தண்ணி தெரியக் கூடாது. அப்டி இருக்கான்னு கேளு."

எனக்குப் பதிலுக்கு ஒரு கிண்டலும் கிடைக்கவில்லை. அழுகை வந்தது, அழுதேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை, ஃபேனுக்கு எக்ஸ்டென்ஷன் வயர் எடுத்து வைக்கணும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் அரிசியை இன்னொரு தடவை களைந்தேன். தண்ணீர் இல்லாத நாள் அது.

கப்பல் ஏறிய காலையில் கூலிக்காரர்கள் யாரையும் அவர் கம்ப்யூட்டரைத் தொட விடவில்லை. என் புடவைகளால் சுற்றி, கயிறு கட்டி, தானே இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டார். அந்தப் பெட்டி அவர் முகத்தை முழுக்க மறைத்தது. கப்பலில் ஏறுகிற படியில் இரண்டு பக்கமும் கீழே கடல் அசைந்துகொண்டிருந்தது. அவருக்கு முன்னால் என் மஞ்சள் புடவை மட்டும்தான் தெரிந்திருக்கும். நான் அவர் முழங்கையைப் பிடித்து, படி, படி, இன்னொரு படி என்று சொல்லிக்கொண்டே ஏற்றினேன். இதற்காகத்தான் யாரையும் தூக்க விடவில்லை என்று உள்ளே போன பிறகுதான் எனக்கு விளங்கியது.

பங்க் படுக்கையில் படுத்து, சுவர்ப்பக்கம் திரும்பி, கம்ப்யூட்டரைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நாடியைப் பிடித்துப் பார்த்தேன், குதிரை ஓடியது. சங்கு ஊதிக் கப்பல் நகர்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேல போய்ப் பாத்துட்டு வா. கரை தெரியுதா?" என்று கேட்டார். போய்ப் பார்த்துவிட்டு வந்து, தெரியுது என்றேன். அப்போது தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். அப்போதும் தெரிந்தது.

இருட்டுவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை கேட்டார். மேலே போனேன். நான்கு பக்கமும் தண்ணீர்தான். எந்தத் திசையிலும் ஒரு கோடுகூட இல்லை. காற்றில் கொஞ்ச நேரம் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

"தெரியுதுங்க" என்றேன்.

தீவிலேயே பிறந்தவர். எந்த நேரத்துக்குக் கரை மறையும் என்று அவருக்குத் தெரியாதா? சரி என்று தலையை அசைத்துவிட்டு, என் கையை விடாமல் கண்ணை மூடிக்கொண்டார்.